பாப்பாவுக்குச் சாம்பிராணி போடாத நாள்

அன்பு மகன் தினேஷுக்கு,

கெடாரிலிருந்து அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். நீ ஃபோன் எடுப்பதில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. எடுத்தாலும் உன் தலையில் அந்த ஹெட்செட் இருக்கிறது. ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்கிறாய். நான் விஷயத்துக்கு வருவதற்குள் அந்தக் காதும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற சாயங்கால வகுப்புக்கு நான் போகிறேன் என்று சொன்னபோது நீ சிரித்தாய், சந்தோஷமாகத்தான் சிரித்தாய். அந்த வகுப்பில் கற்றுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் பெயரின் கடைசி எழுத்தான 'ஷ்' வடமொழி எழுத்தாம், அதை டீச்சர் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவரை என் நோட்டில் நீ முக்கால் பெயரோடு இருந்தாய். அது வந்த அன்று உன் முழுப் பெயரையும் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் வந்த நாட்கள் குறைவு. உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் என்னென்னவோ எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்படிப் பயந்துகொண்டு எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற அந்தப் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒருமுறை கருகின கார்டு. ஒயரை மட்டும் மாற்றிவிட்டு அதையே மறுபடி ஓட்டுகிறாய். அந்த அறையில்தான் பாப்பாவின் தூளி தொங்குகிறது. இன்று காலையில் மருமகள் கலை எனக்கு ஃபோன் செய்தாள். அந்தக் கருகல் வாசனை திரும்பி வந்துவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமை உன் கேம் போட்டி ஆரம்பிக்கிறது, அது முடியும் வரை காலையிலிருந்து ராத்திரி வரை மெஷின் நிற்காமல் ஓடும் என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நீ இந்த வேலைக்குப் போனபோது நான் தடுத்தவன் இல்லை. ஊரில் யாராவது உன் பையன் இன்னா பண்றான் என்று கேட்டால், கேம் ஆடறான், அதை ஜனங்க உட்காந்து பாக்கறாங்க, அதுல அவனுக்கு வருமானம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். உன் சித்தப்பன், "ஆடறதப் பாக்கணும்னா எங்க ஊட்லயும் ஒருத்தன் நாள் பூரா ஆடிக்கினுதான் கீறான், அவனயும் பாக்கச் சொல்லு" என்று கேலி பேசினான். எனக்குக் கோபம் வரவில்லை. நீ திண்டிவனத்தில் மாடி வீடு பிடித்தது, கலையைக் கட்டிக்கொண்டது, பாப்பா பிறந்தது எல்லாம் அந்த மெஷினை வைத்துத்தான். அதற்குள்ளே கலர் கலராக விளக்கு எரிவதை முதல் நாள் பார்த்தபோது கோயில் கருவறையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தேன். அதன் பெட்டிமேல் எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். ஒரு தமிழ் எழுத்தாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினேன்.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் நீ செய்த காரியம் ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் நேராக அந்த மெஷினை நோக்கித்தான் போவாள், விளக்கைப் பிடிக்க. ஒயரை இழுத்துவிடுவாளே என்று பயந்து, அதைத் தூக்கிச் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாய். நல்ல தகப்பன் செய்கிற காரியம் என்று அன்றைக்கு நான் மனசுக்குள் மெச்சினேன். கத்திரி வெயில் காலத்தில் வீட்டில் ஏசி இருப்பது அந்த ஒரே அறையில் என்பதால் தூளியையும் அங்கேயே கட்டினீர்கள். அதுவும் பாப்பா நல்லா இருக்க வேண்டும் என்றுதான். இதில் யார் மேல் குற்றம் சொல்வது? அந்த அலமாரி மெஷினுக்குச் சரியான அளவில்லை. இறுக்கி நுழைத்ததில் பக்கவாட்டுக் கண்ணாடி மூடி, கார்டுக்குப் போகிற ஒயரை அழுத்தி, பிளக் கிட்டயே மடக்கிவிட்டது. அது எங்கள் யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

பிறகு வாசனை வர ஆரம்பித்தது. கலை சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டி, தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி காட்டுவாள். நீ ஆட உட்காருவதும் ஏறக்குறைய அதே நேரம். ஒரு நாள், "சாம்பிராணி இன்னா இப்படி நாறுது" என்று நீயே கேட்டாய். தெருமுனைக் கடைச் சாம்பிராணி சரியில்லை என்று கலை கடையை மாற்றினாள். அடுத்த முறை நான் வந்தபோது எனக்கும் அந்த வாசனை வந்தது. கப் சாம்பிராணியில் மரத்தூளைக் கலக்கிறார்கள் என்று பெரிய அறிவாளிபோல் சொல்லிவிட்டு, விழுப்புரம் மார்க்கெட்டில் கட்டிச் சாம்பிராணி தேடி வாங்கி வந்தேன். அப்போதும் போகவில்லை. உன் அம்மா, கொட்டாங்குச்சி ஈரம், கங்கு சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். கொட்டாங்குச்சியை மொட்டை மாடியில் காயப் போட்டோம். இப்படி நாலு பேரும் சேர்ந்து கடைக்காரனை, கங்கை, கொட்டாங்குச்சியை எல்லாம் திட்டித் தீர்த்தோம். பக்கத்தில் இருந்த அலமாரிக் கதவை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அத்தனை நாளும் பாப்பா அந்த வாசனைக்கு நடுவில்தான் தூங்கினாள்.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்ட நாளில் நாங்களும் திண்டிவனத்தில் இருந்தோம். ஊசி போட்ட பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உன் அம்மா சொன்னதால் அன்றைக்குக் குளியல் இல்லை. கலை விளக்கேற்றினாள். நீ உள்ளே ஆட உட்கார்ந்தாய். பாப்பா சிணுங்கிச் சிணுங்கித் தூளியில் தூங்கிப்போனது. நான் தூளியை ஆட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வாசனை வந்தது. நான் பாட்டுக்கு, "சாம்பிராணிய ஜன்னலண்ட தள்ளி வையேம்மா" என்றேன். கலை கதவருகில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு ஏது மாமா சாம்பிராணி? ஊசி போட்ட புள்ளைக்குக் குளிக்கவே ஊத்தலையே."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவரும் அலமாரியைப் பார்த்தோம். கதவைத் திறந்ததும் மூஞ்சியில் அனல் அடித்தது. எனக்கு அந்த மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது. சுவரில் இருந்த சுவிட்சு மட்டும் தெரிந்தது, அணைத்துவிட்டேன். நீ ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "யாருப்பா உன்னக் கை வெக்கச் சொன்னது? அவ்ளோ பேரு பாத்துக்கினு இருந்தாங்க, மானத்த வாங்கிட்டியே" என்று கத்தினாய். பாப்பா எழுந்து அழுதது. அந்தப் பேச்சு எனக்கு வலித்தது, ஆனால் இப்போது அதை எழுதுவது அதற்காக இல்லை. அடுத்து நடந்ததற்காக எழுதுகிறேன். நீ கண்ணாடி மூடியைக் கழற்றி அந்தப் பிளக்கைத் தொட்டாய். தொட்ட வேகத்தில் விரலை இழுத்துக்கொண்டாய். ஆறின பிறகு பிடுங்கிப் பார்த்தாய், வரவில்லை. பிளாஸ்டிக் இளகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டி ஆட்டி எடுத்தபோது ஒரு மூலை பழுப்பாகிக் கருகியிருந்தது. அப்போது நீ பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அந்தப் பயம் இப்போது உன்னிடம் இல்லை. அதுதான் என் கவலை முழுவதும்.

மறுநாள் நீயும் நானும் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கைப்பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் கார்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். கடையில் இருந்த தம்பி டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள். அந்தச் சின்னப் பிளக்கில் வரிசையாகக் கம்பிகள் இருக்கின்றன. கார்டு குடிக்கிற அத்தனை கரண்டையும் அவை பங்கு போட்டுக்கொண்டு தூக்க வேண்டும். பிளக் கடைசி வரை உள்ளே போகாமல் கொஞ்சம் இடைவெளி விட்டாலும், கிட்டத்திலேயே ஒயர் மடிந்தாலும், சில கம்பிகள் சரியாகத் தொடாது. மிச்சக் கம்பிகள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்கிச் சூடாகும். உன் கார்டு எதனால் கருகியது என்று நீ கேட்டாய். சரியாக மாட்டாததா, மடிந்ததா, செய்யும்போதே வந்த குறையா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

"அண்ணா, ஒயரு மட்டும் போவல, கார்டுல மாட்ற எடமும் பழுப்பாயிருக்கு. புது ஒயரு போட்டாலும் அது திரும்பச் சூடாவும். கம்பெனிக்கு அனுப்பிடுங்க. வர்றதுக்குக் கொஞ்ச வாரம் ஆவும், அதுவரைக்கும் நான் ஒரு சின்ன கார்டு தர்றேன்."

சின்ன கார்டு போட்டால் படம் எப்படி இருக்கும் என்று நீ கேட்டாய். சுமாராக இருக்கும் என்றார். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். புது ஒயரை மட்டும் வாங்கிக்கொண்டு, போட்டி முடிந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டாய்.

பஸ்ஸில் நான் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நம்ம மோட்டார் கொட்டாயில எத்தினி வாட்டி ஒயரு தீஞ்சிருக்கும். நீ வெட்டி முறுக்கி ஓட்டலியா? இன்னா ஆயிடுச்சு இப்போ? சும்மா பேஜாரு பண்ணாதப்பா" என்றாய். உண்மைதான், கருகினதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை முறுக்கி மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன். நீயும் கூட நின்று பார்த்திருக்கிறாய். பதில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது, இப்போது எழுதுகிறேன். அந்தக் கொட்டாய் கொல்லை நிலத்துக்கு நடுவில் தனியாக நின்றது. அதில் யாரும் படுத்துத் தூங்கியதில்லை. எரிந்திருந்தால் ஒரு கூரை போயிருக்கும், அடுத்த நாள் கட்டியிருப்பேன்.

இன்று காலையில் கலை பேசியதைச் சொல்கிறேன். அவள் மேல் கோபப்படாதே. மொட்டை மாடியில் துணி காயப் போடுவதுபோல் போய் நின்று பேசினாள். நேற்று சாயங்காலம் மறுபடியும் அந்த வாசனை வந்ததாம். உன்னிடம் சொன்னாளாம். நீ திரும்பிப் பார்க்காமல், சாம்பிராணி போட்டிருக்கல்ல, அதான் என்றாயாம்.

"ஒருவேளை நெசமாவே சாம்பிராணிதானா மாமா? எனக்கே இப்பல்லாம் தெரியல. மூக்கு சொல்றத நம்ப முடியல."

தினேஷ், அவள் மூக்குதான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே காவல். நீ காதை மூடிக்கொண்டு விளையாட்டுக்குள் இருக்கிறாய். உன் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிப்போய்விட்டது. பாப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. கலைக்குத் தெரிந்தது, அவளையும் சந்தேகப்பட வைத்துவிட்டாய். வேண்டுமென்று செய்தாய் என்று சொல்ல மாட்டேன். போட்டி முடிகிற வரை அது சாம்பிராணியாக இருந்தால் தேவலை என்று உனக்கே ஒரு ஆசை. ஆசையோடு முகர்ந்தால் அப்படித்தான் தெரியும்.

இதெல்லாம் உருகத்தான் செய்யும், தீப்பிடிக்காது, மெஷின் தானே அணைந்துவிடும் என்று நீ கலையிடம் சொல்லியிருக்கிறாய். நான் கடைத் தம்பியிடம் ஃபோனில் அதையும் கேட்டேன். பெரும்பாலும் அப்படித்தான் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் இந்தக் காகிதத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மெஷினை அந்தச் சொல்லை நம்பி ஓடவிடலாம், அதன் பக்கத்தில் என் பேத்தியைப் படுக்க வைக்க மனசு வரவில்லை. அந்த அறையை நீ ஒருதரம் என் கண்ணால் பார். அலமாரிக் கதவு மரப்பலகை. மேல் தட்டில் காலிப் பெட்டியும் தெர்மாகோலும் அடைத்து வைத்திருக்கிறாய். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு மாதிரி ஒன்றை ஒட்டியிருக்கிறாய். ஏசிக்காக ஜன்னல் சாத்தியிருக்கிறது. மைக்கில் வீட்டுச் சத்தம் விழக் கூடாது என்று கதவும் சாத்தியிருக்கிறது. நடுவில் தூளி, பழைய பருத்திச் சேலை, உன் அம்மாவுடையது. நீ பாத்ரூமுக்கு எழுந்து போகிற நேரம் போதும்.

உனக்கு உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. உன் வீடு, உன் தொழில், நீ தகப்பன். அதனால் கேட்டுக்கொள்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கார்டைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பிவிடு. விழுப்புரம் தம்பி தருகிற சின்ன கார்டைப் போட்டு ஆடு. படம் சுமாராகத் தெரியட்டும். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் உன் பேச்சுக்கும் உன் ஆட்டத்துக்கும் வருகிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். தோற்றுப்போனால் தோற்றுப்போ. இத்தனை பேர் பார்க்கத் தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, கஷ்டமாகத்தான் இருக்கும். வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒரு வரியைத் திக்கித் திக்கிப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாளும் போனேன். மெஷினை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து மேசைமேல் காற்றாட வை. பாப்பா இழுப்பாளே என்றால் சுற்றி ஒரு தடுப்பு கட்டித் தருகிறேன், அந்த வேலை எனக்கு வரும். அடுத்த கார்டு வந்ததும் பிளக் கடைசி வரை போயிருக்கிறதா என்று பார்த்து மாட்டு, ஒயரை மடக்காதே. தூளியை இதைப் படித்த கையோடு வேறு அறைக்கு மாற்று. புழுங்கும், பாப்பாவுக்கு வேர்க்குரு வரும். வேர்க்குரு வந்தால் போய்விடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். "உங்கப்பன் பரிச்ச எழுதறாரு, மார்க்கு நீதான் போடணும்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜல்தி முடிச்சுப் போஸ்ட்டு பண்ணுங்க என்றாள். இந்தக் கடிதத்தை நோட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு நாளை வகுப்பிலும் வாசிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே வருகிறவர்களில் வானூர்ப் பக்கமும் மெட்ராஸ் பக்கமும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் ஏதாவது ஒரு அறையில் இப்படி ஒரு மெஷினை வைத்திருக்கலாம். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நானும் அம்மாவும் புறப்பட்டு வருகிறோம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இத்தனை வருஷமும் இது திண்டிவனம் போகுமா என்று ஒவ்வொரு கண்டக்டரையும் கேட்டுத்தான் ஏறியிருக்கிறேன். இந்த முறை போர்டை நானே படித்து ஏறப் போகிறேன். இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அதை நினைத்தால் உள்ளே ஒரு குதூகலம் வருகிறது, என்ன மனசோ தெரியவில்லை. வரும்போது அந்த அலமாரி காலியாக இருந்தால் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பழையபடியே இருந்தால் சண்டை போட மாட்டேன், சுவிட்சில் கை வைக்க மாட்டேன். தூளியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கலையையும் பாப்பாவையும் போட்டி முடிகிற வரை இங்கே கூட்டி வந்துவிடுவேன். கலையிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றாள்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். பாப்பாவைக் குளிப்பாட்டி முடித்ததும் தூக்கி அதன் தலையை முகர்ந்து பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். அந்தச் சாம்பிராணி வாசனைக்காகவே சாயங்காலமாகப் பார்த்து உங்கள் வீட்டுக்கு வருவேன். இன்றிலிருந்து பாப்பாவுக்குச் சாம்பிராணி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினால் போதும். தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். இனிமேல் அந்த வீட்டில் வாசனை வந்தால் சாம்பிராணி என்று நீ சொல்ல முடியாது.

எழுதியதும் திரும்பப் படித்துப் பார்த்ததும் நானே,
உன் அப்பா